கெட்டி மரப் பாய்மரத்தில் மின்கம்பி: துளையிடுவதற்கு முன் சில விளக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில், பழைய மரப் படகு ஒன்றைப் புதுப்பித்து மீண்டும் கடலில் விடுவது பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். பைபர் படகுகளே எங்கும் நிறைந்துவிட்ட இந்நாளில், மரப் படகைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதியவரையும் வெளியிட்ட தங்களையும் பாராட்ட வேண்டும். பலகை மாற்றுவது, இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடைப்பது, வார்னிஷ் பூசுவது ஆகியவற்றைப் பற்றி அதில் கூறப்பட்டவற்றோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பாய்மரத்தின் உச்சிக்கு மின்கம்பி கொண்டுசெல்வது பற்றிய ஒரு பத்தி, அதை அப்படியே பின்பற்றுகிறவரின் பாய்மரத்தைச் சில மழைக்காலங்களுக்குள் இற்றுப்போகச் செய்துவிடக்கூடியது. கப்பல்களிலும் சிறு படகுகளிலும் மின்பணி பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் இதைத் தெரிவித்துவிடுவது நல்லது என்று கருதி எழுதுகிறேன்.

மரத்தின் நடுவே நீளமான டிரில் கொண்டு துளையிட்டு அதன் வழியாக வயரை இழுக்கலாம் என்றும், அது இயலாவிட்டால் வீட்டுக்குப் போடும் வயரையே கிளிப் வைத்து ஆணியடித்து மேலே கொண்டுபோகலாம் என்றும், எஞ்சும் ஓட்டைகளைச் சிலிக்கான் கொண்டு அடைத்துவிட்டால் போதும் என்றும் அப்பத்தி கூறுகிறது. இம்மூன்றும் வீட்டுச் சுவருக்குப் பொருந்தும் யோசனைகள்; பாய்மரத்துக்கு மூன்றுமே கேடு.

அலுமினியப் பாய்மரம் உள்ளே குழாயாக இருப்பதால் அதற்குள் கம்பி இழுப்பதில் சிக்கல் இல்லை. பலகைகளை ஒட்டிச் செய்யும் உட்கூடான மரப் பாய்மரத்திலும், ஒட்டும்போதே கம்பிக்கு வழி விட்டுவிடலாம். ஒரே மரத்தைச் செதுக்கி எடுத்த கெட்டிப் பாய்மரத்தில் அப்படி எந்த வழியும் கிடையாது. 9 மீட்டர் நீள மரத்தில் இரு முனைகளிலிருந்தும் டிரில் செலுத்தி நடுவில் சந்திக்க வைப்பது காகிதத்தில்தான் எளிது. டிரிலின் முனை மரத்தின் வளர்ச்சி ரேகையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து போகும். ஒரு கணுவில் பட்டால் வேறு பக்கம் திரும்பும். ஓரிடத்தில் மேற்பரப்புக்கு மிக அருகே வந்து நிற்பதை அறிய வழியே இல்லை. ஒருவேளை இரு துளைகளும் சந்தித்துவிட்டாலும், கிடைப்பது என்ன? வார்னிஷ் எட்டாத, கண்ணுக்குத் தெரியாத, உச்சியிலிருந்து அடிவரை மழைநீரை இட்டுச் செல்லக்கூடிய ஒரு குழாய், மரத்தின் நெஞ்சுக்குள்ளேயே.

இங்கே நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கட்டுரையாளர் அஞ்சுவது கடல்நீருக்கு. நான் அஞ்சுவது மழைநீருக்கு. மரத்தை இற்றுப்போகச் செய்வது பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் வெப்பமும் வேண்டும், உப்போ அதற்கு ஒவ்வாதது. பழைய மரக்கலங்களில் பலகைகளுக்கு இடையே உப்பைக் கொட்டி வைத்திருந்த வழக்கம் உலகின் பல கரைகளிலும் இருந்தது இதனால்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை பெறும் சென்னையில், அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. படகுகள் பயன்படுத்தப்படாமல் கட்டிக் கிடப்பதும் அந்த வாரங்களில்தான். நிமிர்ந்து நிற்கும் பாய்மரத்தில் வழியும் மழைநீர், ஒவ்வோர் ஆணித் துளையிலும் சிறிது தங்கும். இரும்பு ஆணியாக இருந்தால் அது துருப்பிடித்து, துருவே சுற்றியுள்ள மரநாரை அரித்துக் கறுப்பாக்கி, துளையை மேலும் அகலப்படுத்தும். முழ இடைவெளிக்கு ஒரு கிளிப் வீதம் உச்சிவரை ஆணியடித்தால், மழைநீர் உள்ளே போவதற்கு நாமே படிக்கட்டு வைத்துக் கொடுத்ததாகும்.

சிலிக்கானை மரத்தின்மீது பூசுவது பின்னால் வரும் எந்தப் பூச்சையும் ஒட்டவிடாது. மரம் ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும்போது அதன் ஓரம் மெல்லப் பிரியும். பிரிந்த இடுக்கில் நுழைந்த நீர் வெளியேற மாட்டாது. பிரித்தெடுக்கக்கூடிய பாலிசல்பைடு வகைச் சீலண்ட்தான் (இடுக்கு அடைக்கும் பசை) இத்தகைய இடங்களுக்கு ஏற்றது.

கம்பியை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்பதற்கு முன், கம்பி வேண்டுமா என்று கேட்பது என் வழக்கம். கட்டுரையாளர் உச்சியில் மூவண்ண விளக்கு, நங்கூர விளக்கு, நடுவில் எஞ்சின் ஓடும்போது காட்டும் வெள்ளை விளக்கு, போதாக்குறைக்குப் பாயின்மீது ஒளி பாய்ச்சும் விளக்கு என்று பட்டியலிடுகிறார். 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகள் சிறு படகுக்கு இத்தனையைக் கேட்பதில்லை. 20 மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகு, பக்க விளக்குகளையும் பின்விளக்கையும் ஒன்றாக்கி உச்சியில் மூவண்ண விளக்காக வைத்துக்கொள்ளலாம் என்பது சலுகை, கட்டாயமன்று. அவற்றைத் தனித்தனியே அணியத்திலும் (படகின் முன்முனை) அமரத்திலும் (பின்முனை) வைத்தால் பாய்மரத்தில் அதற்கென ஒரு கம்பிகூட ஏற வேண்டியதில்லை. எஞ்சினை ஓட்டும்போது உச்சியிலுள்ள மூவண்ண விளக்கைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், எஞ்சின் உள்ள படகுக்குக் கீழே பக்க விளக்குகள் எப்படியும் தேவைப்படும். 12 மீட்டருக்குக் குறைந்த படகு எஞ்சினில் செல்லும்போது, பக்க விளக்குகளுடன், அவற்றுக்குக் குறைந்தது 1 மீட்டர் மேலே எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கைக் காட்டினால் போதும். அதை அமரத்தில் ஒரு தனிக் கம்பத்தில் வைக்கலாம். நங்கூர விளக்கு நன்றாகத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. பேட்டரி விளக்கு ஒன்றைப் பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றில் கட்டி முன்பக்கம் ஏற்றிவிட்டால் அதுவும் நிறைவேறும். 7 மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகு, இவ்விளக்குகளைப் பொருத்துவது இயலாதபோது, எரியும் டார்ச்சையோ விளக்கையோ கையில் ஆயத்தமாக வைத்திருந்து மோதலைத் தவிர்க்கும் வகையில் உரிய நேரத்தில் காட்டலாம் என்றும் விதி இடங்கொடுக்கிறது.

இவற்றையெல்லாம் கழித்துவிட்டால், பாய்மர உச்சிக்குக் கம்பி போகத்தான் வேண்டும் என்று சொல்ல வலுவான காரணம், கடலில் பேசப் பயன்படும் வி.எச்.எப். ரேடியோவின் ஏரியல் ஒன்றே. அதன் அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்வதால் உயரமே அதற்கு எட்டும் தூரம். 2 மீட்டர் உயரத்தில் வைத்த ஏரியலின் அடிவானம் 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 9 மீட்டர் உயரத்தில் அது 12 கிலோமீட்டரைத் தாண்டும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களோடும் கரையோடும் அபாய அழைப்புக்குரிய 16-ஆம் அலைவரிசையில் பேச முடிவது உயிர் காக்கும் விஷயம். அதற்காக மரத்தில் கை வைக்கலாம். கடலில் செல்பவர் மூவண்ண விளக்கும் வேண்டும் என்று முடிவு செய்தால், ஏரியலுக்கான கேபிளோடு அதையும் சேர்த்துக்கொள்ளலாம். காசிமேட்டிலிருந்து இரவில் புறப்படும் விசைப்படகுகளுக்கு அருகில் வரும்போது தாழ்வாக உள்ள விளக்குகளே கண்ணில் படும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மரத்தைத் துளைக்காமல் கம்பி கொண்டுபோகச் சிறந்த வழி, உட்புறம் குடைந்த ஒரு ரீப்பர் பட்டியைப் பாய்மரத்தின் முன்முகத்தின்மேல் பொருத்தி, அதன் குடைவுக்குள் கேபிளை ஓடவிடுவது. பாய்மரத்தின் வட்டத்துக்கு ஏற்பப் பட்டியின் அடிமுகத்தைச் சீவி இழைத்துப் பொருத்தினால், வார்னிஷ் பூசிய பின் அது தனியாகத் தெரியாது. ஆனால் இதற்கும் ஒரு தடை உண்டு. கெட்டிப் பாய்மரம் உள்ள பழைய படகுகள் பலவற்றில் பாய், மரத்தைச் சுற்றி ஏறி இறங்கும் வளையங்களாலோ கயிற்றுச் சுற்றாலோ கட்டப்பட்டிருக்கும். முன்முகத்தில் பட்டி துருத்திக்கொண்டிருந்தால் வளையம் அதில் சிக்கும். காற்று ஏறிவரும்போது பாயை இறக்க முடியாமல் தவிப்பது, விளக்கில்லாமல் போவதைவிட ஆபத்தானது. அத்தகைய பாய்மரத்தில், நீளவாக்கில் காடி (ஒடுங்கிய பள்ளம்) எடுத்து, கேபிளை அதில் வைத்து, மேற்பரப்போடு சமமாகப் பட்டியால் மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

காடி எடுத்தால் மரம் பலவீனப்படாதா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 மி.மீ. விட்டமுள்ள கெட்டிப் பாய்மரத்தின் பின்முகத்தில் 12 மி.மீ. அகலமும் 12 மி.மீ. ஆழமும் கொண்ட காடி எடுத்தால், முன்பின்னாக வளையும்போது உள்ள விறைப்பில் குறைவது ஏறக்குறைய 4 விழுக்காடு. மூடும் பட்டியை எபாக்ஸிப் பசை கொண்டு ஒட்டினால் அதிலும் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். காடி மரநாரின் போக்கிலேயே ஓடுவதுதான் இதற்குக் காரணம். மாறாக, கம்பியை வெளியே எடுப்பதற்காக நாருக்குக் குறுக்கே போடும் ஒரே ஒரு துளை, அதுவும் பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தாங்கு கம்பிகள் கட்டப்படும் இடத்துக்கு அருகே, பாய்மரம் முறிவதற்கான இடத்தைக் குறித்துக் கொடுத்துவிடும். அங்கே அழுத்தம் மிகுதி. ஆகவே குறுக்குத் துளை எங்கும் வேண்டாம். கேபிள் காடியிலிருந்து அப்படியே சரிந்து வெளியே வரட்டும்.

மூடும் பட்டியை ஒட்டுவதா, திருகாணியால் முடுக்குவதா என்பதில் படகு கட்டும் தச்சர்களான ஓடாவிகளும் மின்பணியாளர்களும் ஒத்துப்போவதில்லை. ஒட்டினால் நீர் புகாது, ஆனால் கேபிள் கெட்டால் பட்டியைச் செதுக்கி எடுக்க வேண்டும். நான் திருகாணியின் பக்கம். எந்தக் கேபிளும் பாய்மரத்தைப் போல நீண்ட நாள் வாழ்வதில்லை. அப்படிச் செய்வதாயின், காடியின் உள்முகத்துக்கு எபாக்ஸியோ வார்னிஷோ பல பூச்சு கொடுத்த பின்னரே கேபிளை வைக்க வேண்டும். காடியின் அடிமுனையை நீர் வடிவதற்காகத் திறந்தே விட வேண்டும். திருகாணி சிலிக்கான் கலந்த வெண்கலமாக இருந்தால் மிக நன்று. கிடைக்காவிடில் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பித்தளை, உப்புக் காற்றில் துத்தநாகத்தை இழந்து, திருப்பும்போது தலை உடைந்து கையோடு வரும். ஒவ்வொரு திருகாணித் துளையையும் முதலில் அளவுக்குப் போட்டு, உள்ளே வார்னிஷ் விட்டு, திருகாணியைச் சீலண்டில் தோய்த்து முடுக்க வேண்டும். தாங்கு கம்பிகளுக்கான உலோகப் பட்டை மரத்தைச் சுற்றி இறுக்கும் இடத்தில் மட்டும், காடிக்குள் ஒரு சாண் அளவுக்குக் கெட்டியான நைலான் குழாயைப் பதித்து அதற்குள் கேபிளை விடுவது நல்லது. இல்லையேல் பட்டையின் விளிம்பு கேபிளின் உறையை அறுத்துவிடும்.

பாய்மரத்தின் உச்சியில் நார்களின் வாய்கள் எல்லாம் வானத்தை நோக்கித் திறந்திருக்கின்றன. பக்கவாட்டைவிட அங்கே மரம் பன்மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். விளக்கின் அடித்தட்டை நேரே உச்சியில் வைத்துத் திருகினால், தட்டின் கீழே தங்கும் நீர் நேராக உள்ளே இறங்கும். ஆகவே உச்சி முகத்தில் எபாக்ஸியை மெலிதாகப் பலமுறை ஊறவிட்டு, அதன்மேல் செம்புத் தகட்டையோ தேக்கு மூடியையோ சீலண்ட் வைத்துப் பொருத்தி, அதன்மீதே அடித்தட்டு உட்கார வேண்டும். தகட்டின் ஓரம் மரத்தைத் தாண்டிச் சற்று வெளியே நீட்டிக் கீழ்நோக்கி மடங்கியிருந்தால், நீர் சொட்டி விழுந்துவிடும். கேபிள் மேலேறி விளக்கினுள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே இறங்கி மீண்டும் ஏறட்டும். வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், விளக்கின் வாய்க்குள் போகாது. கேபிளின் எடை முழுவதும் விளக்கின் முனைத் திருகுகளில் தொங்காதபடி, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பிடியால் அதைக் கட்ட வேண்டும். உச்சி விளக்கு எரியவில்லை என்று மேலேறிப் பார்த்தால், கம்பி அறுந்திருப்பது பெரும்பாலும் இந்த ஓரங்குலத்துக்குள்தான்.

இனி கம்பியைப் பற்றி. வீட்டுக்குப் போடும் வயர் நல்ல செம்பாகவே இருந்தாலும் வெறும் செம்பு. இங்கத்திய ஈரக் காற்றில், வெட்டிய முனையிலிருந்து உப்பு ஈரம் உறைக்குள்ளேயே ஏறிச் செல்லும். சில காலம் கழித்து உறையைச் சீவிப் பார்த்தால் முழ நீளத்துக்கு உள்ளே கறுத்துப்போயிருக்கும், அதில் ஈயப் பற்றும் பிடிக்காது, முனையில் இறுக்கும் லக்கும் நிற்காது. ஒவ்வோர் இழையிலும் வெள்ளீயம் பூசிய, பல இழைகள் கொண்ட படகுக் கேபிள்தான் வேண்டும். பாரிமுனைக் கடைகளில் கேட்டவுடன் கிடைப்பது பெரும்பாலும் வீட்டு வயர்தான் என்பதால், கப்பல் சாமான் விற்பவர்களிடம் சொல்லிவைத்து வாங்குவதே வழி.

தடிமனை விளக்கு முடிவு செய்கிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து உச்சிக்கு 14 மீட்டர் என்றால், மின்சாரம் போய்வரும் நீளம் 28 மீட்டர். பழைய 25 வாட் பல்பு 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 1 சதுர மி.மீ. கம்பியில் அது ஒரு வோல்ட்டுக்கு மேல் இழந்துவிடும், பல்பின் ஒளியோ கால் பங்குக்கு மேல் குறைந்துபோகும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். 3 வாட் எல்.இ.டி. விளக்குக்கு 1 சதுர மி.மீ. கம்பியே தாராளம். கம்பி மெலிந்தால் காடியும் மெலியும் என்பதால், கெட்டிப் பாய்மரத்துக்கு எல்.இ.டி. விளக்கு பெரிய வரம். ஆனால் ஏரியலுக்கு ஒட்டியே அதை வைக்கப்போகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மலிவான எல்.இ.டி. விளக்குகளின் உள்சுற்று வி.எச்.எப். ரேடியோவில் இரைச்சலை ஏற்படுத்தி அபாய அழைப்பைக்கூட மறைத்துவிடலாம் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் எச்சரித்தது. சோதிப்பது எளிது: யாரும் பேசாத அலைவரிசைக்கு ரேடியோவை வைத்து, இரைச்சல் அடங்கும் எல்லைவரை ஸ்கெல்ச் திருகைத் திருப்பி, பின் விளக்கைப் போட வேண்டும். இரைச்சல் மீண்டும் கிளம்பினால் அந்த விளக்கைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். இச்சோதனையைப் பாய்மரம் தரையில் கிடக்கும்போதே செய்துவிட வேண்டும்.

ஏரியல் கேபிளில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மெலிந்த ஆர்.ஜி-58 கேபிள் 15 மீட்டர் ஓடினால், ரேடியோவின் 25 வாட்டில் ஏறக்குறைய பாதிதான் ஏரியலை எட்டும். ஆர்.ஜி-213 முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டுசேர்க்கும். ஆனால் அதன் விட்டமே 10 மி.மீ. என்பதால் காடி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். விளக்குக் கம்பியும் உடன் போக வேண்டுமென்றால், 6 மி.மீ. அளவுள்ள ஆர்.ஜி-8 எக்ஸ் நடுத்தரமான தேர்வு.

இடியைப் பற்றிக் கட்டுரை வாய் திறக்கவில்லை. மரம் மின்னலைக் கடத்துவதில்லை என்பதால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். உச்சிவரை கம்பி ஏற்றிய பின் அந்தக் கம்பியே மின்னலுக்குப் பாதையாகிவிடும். மின்னல் காப்பு வேண்டுமென்றால், குறைந்தது 21 சதுர மி.மீ. செம்புக் கடத்தியை உச்சியிலிருந்து நீருக்குள் உள்ள உலோகத் தகடுவரை, வளைவுகள் இல்லாமல், விளக்குக் கம்பிகளின் காடியிலிருந்து விலக்கித் தனியே கொண்டுபோக வேண்டும். இதை அனுபவமுள்ளவர் நேரில் பார்த்துச் செய்வதே முறை.

கீழே, தளத்தைக் கடக்கும் இடத்தில் பிளக்-சாக்கெட் வைப்பதைத் தவிர்க்கலாம். உப்பு நீர் பட்டு முதலில் பச்சை பூப்பது அதுதான். கவிழ்ந்த வாயுள்ள வளைகுழாய் ஒன்றைத் தளத்தில் பொருத்தி, கேபிளை அதன் வழியே உள்ளே விட்டு, அறைக்குள் கைக்கு எட்டும் இடத்தில் டெர்மினல் பெட்டி வைத்து இணைத்தால், பாய்மரத்தை இறக்கும்போது கழற்றவும் எளிது. ஒவ்வொரு விளக்குக்கும் பேட்டரிப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும்.

புன்னை இனத்து நெடுமரங்களைப் பாய்மரத்துக்கென்றே தேடிய காலம் ஒன்று இருந்தது. இன்று நல்ல மரமும் எளிதில் கிடைப்பதில்லை, அதைச் செதுக்கத் தெரிந்த ஓடாவியும் கிடைப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு சொல்ல நேர்ந்தது. கட்டுரையைப் படித்து ஏற்கெனவே ஆணியடித்தவர்கள் யாரேனும் இருந்தால், மழை தொடங்குமுன் ஆணிகளையும் சிலிக்கானையும் முழுவதுமாக எடுத்துவிட்டு, பாய்மரத்தை இறக்கிக் கூரைக்கடியில் காற்றாட வைப்பது நல்லது. துளைகளை உடனே அடைக்கக் கூடாது. ஈரத்தோடு அடைத்தால் மரம் உள்ளேயே இற்றுப்போகும். நன்கு காய்ந்த பின், கறுத்த பகுதியைச் சுரண்டி எடுத்து, அதே இன மரத்தில் சீவிய முளைகளை நாரின் திசை பொருந்தும்படி எபாக்ஸியில் தோய்த்து அடிக்க வேண்டும். நடுவே டிரில் செலுத்தியவர்கள், துளை எங்கே போய் நிற்கிறது என்று அறியும்வரை அந்தப் பாய்மரத்தில் பாய் ஏற்றாதிருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் மின்பணியாளர்,
இராயபுரம், சென்னை – 600 013.